லிங்ஜி காளான்: மரபு சொன்னது ஒன்று, டப்பா சொல்வது வேறு

ரெய்ஷி காபி, கானோடெர்மா மாத்திரை, லிங்ஜி சாறு என்று மூன்று டப்பாக்கள் கண்ணில் பட்டால் மூன்றும் வேறு வேறு பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் ஒரே காளான்தான். சீனர்களுக்கு லிங்ஜி, ஜப்பானியர்களுக்கு ரெய்ஷி; கானோடெர்மா என்பது அறிவியல் பெயரின் முதல் பாதி. சீன மருத்துவத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாகப் புழங்கும் சரக்கு இது. நம் வீடுகளுக்கு இது வந்து சேர்ந்தது பெரும்பாலும் தெரிந்தவர் ஒருவர் மூலமாக: "சர்க்கரைக்கு நல்லது, பிரஷருக்கு நல்லது, கேன்சருக்கே கேட்குமாம். நீங்களும் மெம்பராகச் சேர்ந்தால் விலையில் தள்ளுபடி உண்டு."

இப்படிச் சொல்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பாதிப்பேர் உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் எது சீன மரபு சொன்னது, எது ஆய்வில் தெரிந்தது, எது விற்பனைக்காகச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

காளானா, மரக்கட்டையா?

முதன்முதலாக லிங்ஜியைக் கையில் எடுப்பவர்கள் அநேகமாக இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள். சிறுநீரக வடிவில் ஒரு தொப்பி. தண்டு நடுவில் இல்லாமல் ஓரமாக ஒட்டியிருக்கும். மேல்பக்கம் செம்பழுப்பு நிறத்தில், புதிதாக வார்னிஷ் அடித்த தேக்குக் கதவு மாதிரி மின்னும். வளர்ந்துகொண்டிருக்கும் விளிம்பு மட்டும் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். முற்றியதும் அந்த வெளுப்பு போய்விடும். திருப்பிப் பார்த்தால், கடையில் வாங்கும் பட்டன் காளானுக்கு அடியில் இருக்கும் மடிப்புகள் இதில் கிடையாது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு நுண்ணிய துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் வழியாகத்தான் வித்துகள் கொட்டும். கொட்டிய வித்துகள் காற்றில் எழும்பித் தொப்பியின் மேலேயே பழுப்புத் தூளாகப் படியும். விரலால் தேய்த்தால்தான் அடியில் உள்ள பளபளப்பு தெரியவரும்.

இதைக் குழம்பு வைக்க முடியாது. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் மெல்ல முடியாத அளவுக்குக் கடினம், கசப்பும் அதிகம். அதனால் காயவைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, ஒன்றிரண்டு மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டுக் கஷாயமாகத்தான் குடிப்பார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சீன மருந்துக் கடைகளில் இந்தச் சீவல்களைப் பார்க்கலாம். கசப்பைக் குறைக்கச் செம்பேரீச்சை எனப்படும் சீன இலந்தைப் பழத்தையோ அதிமதுரத்தையோ சேர்ப்பதுண்டு. சீன அரசின் மருந்துநூல் தரும் அளவு, ஒரு நாளைக்கு 6 முதல் 12 கிராம் காய்ந்த காளான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காட்டில் இது அரிதாகத்தான் கிடைக்கும். இன்று சந்தைக்கு வருவது ஏறக்குறைய எல்லாமே விவசாயம். ஜெஜியாங் மாகாணத்தின் லோங்ச்சுவான் இதற்குப் பேர்போன ஊர். மரக்கட்டைகளைத் துண்டு போட்டு, அவித்துக் கிருமி நீக்கி, காளான் விதையை ஏற்றி, நிழல்குடிலில் மண்ணில் பதித்து வளர்க்கிறார்கள். மரத்தூள் பைகளிலும் வளர்க்கலாம். வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்த இடத்தில் வளர்த்தால் தொப்பி விரியாமல் கிளை கிளையாக நீளும். அதை மான்கொம்பு லிங்ஜி என்று தனியாக விற்கிறார்கள்.

தஞ்சாவூர்த் தென்னையில் இதே இனம்

இந்தக் காளானின் உறவினரைப் பார்க்கச் சீனா வரை போக வேண்டியதில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு ‘தஞ்சாவூர் வாடல்’ என்ற பெயரே வயிற்றைக் கலக்கும். 1952-இல் தஞ்சாவூர்ப் பகுதியில் புயலுக்குப் பின் கண்டறியப்பட்ட நோய் அது. அடித்தண்டழுகல் என்றும் சொல்வார்கள். மரத்தின் அடிப்பகுதியில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியும், ஓலைகள் தொங்கும், குரும்பை கொட்டும். கடைசிக் கட்டத்தில் தூரில் பளபளவென்று ஒரு காளான் முளைக்கும். அது கானோடெர்மா இனத்தைச் சேர்ந்தது. வேப்பம்புண்ணாக்கு, போர்டோ கலவை, டிரைகோடெர்மா என்று விவசாயி போராடுவது இந்த இனத்தை எதிர்த்துத்தான். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் இதே இனத்தின் வேறொரு வகை பெரும் தலைவலி. ஒரு பக்கம் பணம் கொடுத்து வாங்குகிறார்கள், இன்னொரு பக்கம் பணம் செலவழித்து அழிக்கிறார்கள்!

சரி, அப்படியானால் தோப்பில் முளைப்பதைப் பறித்துக் கஷாயம் போடலாமா? கூடாது. இந்த இனத்தில் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் வகைகள் ஏராளம், அனுபவப்பட்ட நிபுணர்களே மரபணுச் சோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்லத் தயங்குவார்கள். ‘கானோடெர்மா லூசிடம்’ என்ற பெயரில் உள்ள ‘லூசிடம்’ 1781-இல் இங்கிலாந்தில் கிடைத்த ஒரு காளானுக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. சீன லிங்ஜியையும் அதே பெயரில்தான் நெடுநாள் எழுதிவந்தார்கள். சீனத்தில் வளர்வது தனி வகை என்று சொல்லி 2012-இல் ‘கானோடெர்மா லிங்ஜி’ என்று பெயரிட்டார்கள். டப்பாக்களில் பழைய பெயர் இன்னும் தொடர்கிறது. போதாக்குறைக்கு, நோய்ப்பட்ட தென்னைக்கு வேரில் மருந்து கட்டியிருப்பார்கள். அதன் தூரில் முளைத்ததை வாயில் வைப்பது விபரீதம்.

பழைய நூல் உண்மையில் என்ன சொல்கிறது?

ஹான் வம்சக் காலத்தில் தொகுக்கப்பட்ட ஷென்னோங் மருந்துநூல் 365 மருந்துகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. நீண்டகாலம் சாப்பிட்டாலும் கெடுதல் செய்யாது என்று கருதப்பட்டவை மேல்தரம். அதில் லிங்ஜி ஆறு நிறங்களில் வருகிறது. இன்று நாம் வாங்கும் சிவப்பு ரகத்துக்கு அந்த நூல் தரும் குணங்கள்: சுவை கசப்பு, நெஞ்சில் அடைத்ததுபோன்ற தொல்லையை நீக்கும், இதயத்துக்கு வலு, அறிவு பெருகும், மறதி வராது. கூடவே, தொடர்ந்து உண்டால் உடல் லேசாகும், மூப்பு வராது, தேவர்களைப் போல ஆகலாம் என்றும் எழுதியிருக்கிறது. இந்தக் கடைசி வரிதான் காளானின் தலையெழுத்தையே மாற்றியது.

சாகாவரம் தேடிய தாவோ சமயத் துறவிகளும் அரசர்களும் இதைத் துரத்தினார்கள். கி.மு. 109-இல் ஹான் பேரரசர் வூவின் கான்ச்சுவான் அரண்மனைக்குள் ஒன்பது தண்டுகளோடு ஒரு லிங்ஜி முளைத்தது. வானத்தின் ஆசி என்று அதைக் கொண்டாடி, பேரரசர் கைதிகளுக்குப் பொது மன்னிப்பே அறிவித்தார். மனிதனை மணந்த வெள்ளைப் பாம்புப் பெண்ணின் கதை சீனத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும். இறந்துபோன கணவனை எழுப்ப அவள் தேவலோக மலையில் போய்த் திருடி வருவது இந்தக் காளானைத்தான். நம் ஊர்க் கதைகளில் சஞ்சீவிக்கு இருக்கும் இடம் அங்கே இதற்கு.

எல்லாரும் தலையாட்டிவிடவில்லை. மிங் காலத்து மருத்துவர் லி ஷிஜென் 1578-இல் முடித்த தம் பெரும் மருந்துநூலில் இதற்கு ஒரு குட்டு வைக்கிறார். அழுகிய மரத்தின் மிச்சத்தில் முளைக்கும் இது மனித உடம்பில் வரும் கட்டியைப் போன்றதுதான். இதை மங்கல மூலிகை என்பதும், தின்றால் தேவராகலாம் என்பதும் அபத்தம் என்பது அவர் கருத்து. சொன்னவர் வெளியாள் இல்லை, அந்த மருத்துவத்தின் தலைசிறந்த ஆசிரியர்களில் ஒருவர் என்பதால் எனக்கு இந்த வரி மிகவும் பிடிக்கும்.

இன்றைய சீன அரசு மருந்துநூலில் தேவலோகம் எல்லாம் இல்லை. களைப்பு, தூக்கமின்மை, படபடப்பு, இருமல், மூச்சிரைப்பு, பசியின்மை: இவ்வளவுதான் பட்டியல். சர்க்கரை எங்கே, ரத்த அழுத்தம் எங்கே, புற்றுநோய் எங்கே? பழைய நூலிலும் இந்தப் பட்டியலிலும் இல்லாத நோய்களுக்கு "இரண்டாயிரம் வருட அனுபவம்" என்று சாட்சி சொல்வது நியாயமில்லை.

உள்ளே இருக்கும் சரக்கு

ஆய்வாளர்கள் கவனிப்பது முக்கியமாக இரண்டு வகைப் பொருட்களை. முதலாவது பீட்டா குளுக்கான். இது காளானின் செல்சுவரில் இருக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. சர்க்கரை என்றதும் பயப்பட வேண்டாம், நம் குடலால் இதை உடைத்துச் செரிக்க முடியாது. பூஞ்சைக் கிருமி எதுவும் உள்ளே நுழைந்தால் அடையாளம் கண்டுகொள்ள நம் வெள்ளணுக்கள் சிலவற்றில் ஏற்பிகள் உண்டு; அவை தேடுவது இந்தச் சங்கிலியைத்தான். அதனால் பீட்டா குளுக்கானைக் கண்டதும் வெள்ளணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. ‘நோய் எதிர்ப்பைத் தூண்டும்’ என்று விளம்பரங்கள் சொல்வதன் அடிப்படை இது. வெற்றுப் பேச்சு இல்லை. வேறொரு மரக்காளானிலிருந்து எடுத்த இந்த வகைப் பொருளை ஜப்பான் 1977-இல் புற்றுநோய்க்குத் துணைமருந்தாகவே அனுமதித்தது.

இரண்டாவது வகை ட்ரைடெர்பீன்கள். கசப்புக்குக் காரணம் இவை. கானோடெரிக் அமிலங்கள் என்ற குடும்பத்தின் முதல் இரண்டையும் ஜப்பானியர்கள் 1982-இல் பிரித்தெடுத்தார்கள். இப்போது நூற்றுக்கும் மேல் தெரியும். பீட்டா குளுக்கான் வெந்நீரில் இறங்கும்; ட்ரைடெர்பீன்களில் பல ஆல்கஹாலில்தான் நன்றாக இறங்கும். ஆகவே கஷாயம், ஆல்கஹாலில் எடுத்த சாரம், வெறும் தூள், வித்துத் தூள் ஆகிய நான்கும் ஒரே மருந்து இல்லை. ஒன்றில் செய்த ஆய்வை இன்னொன்றின் டப்பாவில் அச்சடித்தால் அது கேள்விக்குரியது.

சோதனைச்சாலையில் இந்தப் பொருட்கள் வியக்கவைக்கும் வேலைகள் செய்கின்றன. கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுச் செல்களைத் தடுக்கின்றன, எலியின் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கின்றன. இதோடு நிறுத்திக்கொண்டு ‘ஆய்வில் நிரூபணம்’ என்று எழுதிவிடுகிறார்கள். தட்டில் இருக்கும் செல்லுக்கு மருந்தை நேராக ஊற்றிவிடலாம். மனிதன் விழுங்கினால் அது வயிற்றமிலத்தைத் தாண்டி, குடல் வழியாக ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் உடைந்து, மிஞ்சியது போய்ச் சேர வேண்டும். தட்டில் ஜெயித்துவிட்டு இந்தப் பாதையில் தோற்றுப்போன பொருட்கள் எண்ணிலடங்காதவை.

மனிதர்களிடம் சோதித்தபோது

புற்றுநோயிலிருந்து தொடங்கலாம், அதிகம் பேசப்படுவது அதுதான். உலக ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு இதற்கு 5 ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்தது, மொத்தம் 373 பேர். கீமோ அல்லது கதிர்வீச்சோடு லிங்ஜியும் எடுத்தவர்களில் சிகிச்சைக்குப் பலன் தெரிந்தவர்கள் கொஞ்சம் அதிகம்; நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் லிங்ஜி மட்டும் கொடுத்தபோது கட்டி சுருங்கியதற்குச் சான்று இல்லை. ஆயுள் நீண்டதா என்பதற்கும் விவரம் இல்லை. ஆய்வுகள் சிறியவை, தரமும் சுமார். ஆகவே அவர்கள் சொன்னது: முதல் சிகிச்சையாக இதைக் கொடுக்கச் சான்று போதாது, வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக, மருத்துவர் யோசித்துச் சேர்க்கலாம். கீமோவை நிறுத்திவிட்டு இதைக் குடி என்று யாராவது சொன்னால், அவர் சொல்வதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

சர்க்கரையிலும் இதயத்திலும் நிலைமை இன்னும் மோசம். 2015-இல் காக்ரேன் தொகுப்பு 398 பேர் அடங்கிய 5 ஆய்வுகளைப் பார்த்தது. ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எதற்கும் இதைப் பயன்படுத்தச் சான்று ஆதரவு தரவில்லை. அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு நல்ல ஆய்வு வெளியானது. சர்க்கரை நோயும் அதோடு சேர்ந்து வரும் கோளாறுகளும் உள்ள 84 பேர், நாளுக்கு 3 கிராம், 16 வாரம். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் லிங்ஜி எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. நம் ஊரில் இது அதிகம் விற்பதே சர்க்கரையின் பேரில்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

களைப்பு விஷயத்தில்தான் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. தீராத களைப்பு, எரிச்சல், தூக்கக் கேடு எல்லாம் சேர்ந்த ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சீன மருத்துவர்கள் கண்டறிந்த 132 பேரிடம் 8 வார ஆய்வு ஒன்று நடந்து 2005-இல் வெளியானது. பாதிப்பேருக்கு லிங்ஜியின் பீட்டா குளுக்கான் சாரம், மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. சாரம் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு முன்னேற்றம். வெற்று மாத்திரையில் கால்வாசிப்பேருக்கு. அந்தக் கால்வாசியையும் கவனியுங்கள்: ஒன்றுமே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டு நாலில் ஒருவர் தேறியிருக்கிறார். "எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டதே" என்ற சாட்சியத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாததற்கு இதுதான் காரணம்.

ஒரே ஒரு ஆய்வு, அதனால் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. ஆனாலும் பலன் எட்டிப் பார்த்த இடம் சீன மருந்துநூலின் பட்டியலில் இருக்கும் இடம்தான் என்பது யோசிக்கவைக்கிறது. களைப்பும் தூக்கமும்தான் அந்த மருத்துவர்கள் கைவைத்துப் பழகிய களம்.

கெடுதலே இல்லையா?

பொதுவாகப் பெரிய தொல்லை தருவதில்லை. வாய் வறட்சி, வயிற்றுப்போக்கு, குமட்டல், சிலருக்கு அரிப்பு. ஆனால் கல்லீரல் பற்றி இரண்டு அறிக்கைகளைச் சொல்லியே ஆக வேண்டும். 2004-இல் ஹாங்காங் மருத்துவர்கள் லிங்ஜித் தயாரிப்பால் வந்த கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்தார்கள். 2007-இல் தாய்லாந்திலிருந்து வந்த அறிக்கையில் நோயாளி இறந்தே போனார். அவர் அதற்குமுன் வேகவைத்த லிங்ஜியைக் குடித்துவந்தவர், அப்போது ஒன்றும் ஆகவில்லை. தூள் வடிவத்துக்கு மாறிய ஒன்றிரண்டு மாதங்களில் கல்லீரல் செயலிழந்தது. இவை அபூர்வம்தான். ஆனாலும் ‘பல நூற்றாண்டாகக் குடிக்கிறார்களே’ என்ற வாதம் பெரும்பாலும் கஷாயத்துக்குப் பொருந்துவது. கேப்சூலில் அடைத்த தூளுக்கு அந்தச் சான்றிதழை அப்படியே மாற்றி எழுத முடியாது.

இது ரத்தம் உறைவதையும் கொஞ்சம் தடுக்கக்கூடியது. வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுப்பவர்களும் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. சிறுநீரகம், கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான் உறுப்பைக் காப்பாற்றுகிறார்கள். அதைத் தூண்டும் எதையும் அவர்கள் தவிர்ப்பதே சரி. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் விட்டுவிடலாம்.

டப்பாவைத் திருப்பிப் படிக்கும்போது

அமெரிக்காவில் விற்ற 19 லிங்ஜித் தயாரிப்புகளைச் சோதித்த ஆய்வு 2017-இல் வெளியானது. லேபிளில் சொன்னபடி லிங்ஜி இருந்தது 5-இல் மட்டும். மற்ற பலவற்றில் ட்ரைடெர்பீன் அடையாளமே சரியாக இல்லை, மாவுச்சத்து மாதிரியான பொருள் இருந்தது. காளானுக்குப் பதில் தானியத்தில் பூஞ்சை இழையை வளர்த்து, தானியத்தோடு சேர்த்து அரைத்து விற்பதும் இந்தத் தொழிலில் உண்டு. அதனால் ‘பழ உடல்’ (இழை இல்லாமல், முளைத்து வளர்ந்த காளான்) என்று எழுதியிருக்கிறதா, பீட்டா குளுக்கான் எத்தனை சதவீதம், எத்தனை மடங்கு செறிவாக்கிய சாரம் என்று பாருங்கள். ‘பாலிசாக்கரைடு’ (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளுக்குப் பொதுப் பெயர்) என்று மட்டும் போட்டிருந்தால் அதில் மாவுச்சத்தும் அடங்கிவிடும்.

காபிப் பொட்டலத்துக்கு வருவோம். முதலில் சர்க்கரையும் பால்பொடியும் எத்தனை கிராம் என்று பாருங்கள், அப்புறம் காளான் எத்தனை மில்லிகிராம் என்று தேடுங்கள். பல பொட்டலங்களில் அளவே போட்டிருக்காது. ஆரம்பத்தில் சொன்ன 6 முதல் 12 கிராமோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது மருந்தா, காளான் பெயர் போட்ட காபியா என்று தெரிந்துவிடும். ருசிக்காகக் குடிப்பதில் தப்பே இல்லை, காபி விலைக்குக் கிடைத்தால். டப்பாவிலோ நோட்டீஸிலோ ‘சர்க்கரையை, புற்றுநோயைக் குணப்படுத்தும்’ என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். இந்தியாவில் 1954-இன் மாய மருந்துகள் விளம்பரச் சட்டப்படி அந்த நோய்களுக்கு அப்படி விளம்பரம் செய்வதே குற்றம்.

வீட்டில் ஏற்கெனவே யாராவது இதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், திட்டி நிறுத்தவைப்பதைவிட, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். கல்லீரல் சோதனை ஒன்று பார்த்துக்கொள்வது நல்லது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் என்றால் இன்னும் அவசியம். லிங்ஜி வித்துத் தூள் சாப்பிட்ட சிலருக்கு சிஏ 72-4 என்ற புற்றுநோய்க் குறியீடு ரத்தத்தில் எகிறியிருக்கிறது. வயிற்றில், குடலில் நோய் வந்தவர்களுக்கு எடுக்கும் சோதனை அது. நோய் திரும்பவில்லை, காரணம் தூள்தான். டப்பாவைப் பற்றித் தெரியாத மருத்துவர் அந்த எண்ணைப் பார்த்தால் ஸ்கேன் மேல் ஸ்கேன் எழுதத்தான் செய்வார்.